பெங்களூரு – சென்னை: பறக்கும் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாராவது இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் வந்து நிற்குமே, அந்தப் பக்கங்களைத் தயாரிப்பவர்கள் நாங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. ஊர்ப் பெயர்களைக் கணினி நிரலுக்குள் போட்டால் அதுவே ஜோடி ஜோடியாகக் கோத்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நிரலை எழுதியவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எலெக்ட்ரானிக் சிட்டியின் ஒரு மூன்றாவது மாடியில், சாப்பாடு தண்ணீர் மறந்து எழுதினேன். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது எழுந்து நின்றே பார்த்தேன்.

கணக்கு எளிது. பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் நேர்தூரம். அதை விமானத்தின் வேகத்தால் வகுக்க வேண்டும். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் முதலில் போட்ட ஜோடி பெங்களூரு, சென்னை. ஐம்பத்திரண்டு நிமிடம் என்று வந்தது. அது எனக்கு அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த ஊரில் விமான நிலையம் உண்டா என்று நிரல் கேட்காது. கேட்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனேக்கல்லிலிருந்து ஓசூருக்கு விமானத்தில் முப்பத்தொரு நிமிடம் என்று ஒரு பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு நிமிடம் பறக்க, முப்பது நிமிடம் ஏறி இறங்க. அதைக் கண்டுபிடித்தவள் என் பக்கத்து இருக்கைக்காரி. பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திரும்பி, தக்னி உருதுவில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"அரே, இங்க பாரு மா. ஆனேக்கல்காரங்கள நீ ப்ளைட்ல ஏத்திட்டே. அவங்க பஸ் ஸ்டாண்ட்ல தக்காளிக் கூடையோட நிக்கிறாங்க. லக்கேஜ் எவ்ளோன்னு கேட்டு சொல்லு."

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். போவதற்கு ஒரு பக்கம், வருவதற்கு ஒரு பக்கம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு பக்கம் இருக்கும். எதிர்க்காற்று இருந்தால் ஒரு திசையில் சில நிமிடம் கூடும், ஆகவே இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைப் போடக் கூடாது என்று நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். எங்கள் டீம் லீட் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கண்ணாடில தெரியற மாதிரி அப்படியே திருப்பிப் போடு, போதும்" என்றார். போட்டேன். அப்போது அதில் எனக்கு வருத்தம்கூட இல்லை. அடுத்த வேலைக்கு ஓடிவிட்டேன். எனக்கு எப்போதும் அடுத்த வேலை இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சுவரோரமாக, போனைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். சென்னைக்காரன், கணினி நிறுவனத்தில் வேலை. அவனுடைய நிறுவனத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒரு கட்டடம் உண்டு. என் நிறுவனமோ சின்னது, பெங்களூரைத் தாண்டி எங்கும் இல்லை.

அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். "பையன் சென்னை, பொண்ணு பெங்களூரு. குடித்தனம் எங்க?"

"இந்த ப்ராஜெக்ட் முடிஞ்சதும் நான் பெங்களூரு கேட்டு வாங்கிக்கிறேன் மாமா. ஒரு வருஷம்கூட ஆகாது" என்றான் அவன்.

அவன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "அதுவரைக்கும் ஆளுக்கொரு ஊர்ல இருந்தா என்ன குடும்பம் அது?" என்றார்.

கூடத்தில் எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பேச்சு அங்கேயே நின்றுவிடுமோ என்று பயமும் வந்தது. பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்றெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் சட்டென்று சொன்னேன்.

"விமானத்துல ஐம்பத்திரண்டு நிமிஷம்தான்."

அவ்வளவு திருத்தமாக ஒரு எண்ணைச் சொன்னால் மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார்கள். ஐம்பத்திரண்டு என்றதும் கூடத்தில் இருந்த முகங்கள் எல்லாம் தெளிந்தன.

"எங்க வீட்டுலேருந்து தி.நகர் போய்ச் சேரவே அதைவிட நேரமாகுது" என்றார் அவன் அம்மா. அப்படியே சம்மதம் ஆயிற்று, கல்யாணமும் நடந்தது.

அவர்கள் வீடு குரோம்பேட்டையில், விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். மொட்டை மாடியில் நின்றால் இறங்கும் விமானத்தின் வயிறு தெரியும். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விமானம் தலைக்குமேல் போகும்போது யாரும் பேச மாட்டார்கள். பேசிக்கொண்டிருந்தாலும் வார்த்தையின் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சண்டை போட்டாலும் அப்படித்தான். நான் முதலில் சிரித்தேன். பிறகு நானும் பழகிவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் ஐம்பத்திரண்டு நிமிடம் என்பது உண்மைதான். வாசலில் ஆட்டோ பிடித்தால் விமானம், ஏறினால் பெங்களூரு. ஆனால் பெங்களூரில் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி தெற்கு எல்லை. நான் சென்னைக்குப் பறக்க வேண்டுமென்றால் ஊரை முழுக்க, அடி முதல் நுனி வரை, சென்னைக்குப் போகும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடக்க வேண்டும். மேம்பாலச் சாலை, சில்க் போர்டு, பிறகு ஒவ்வொரு சிக்னலாக ஹெப்பாள் வரை. வெள்ளிக்கிழமை மாலையில் அது ஒரு தனிப் பிரயாணம். எல்லாவற்றையும் கூட்டினால், அலுவலக வாசலில் நிற்கும் பஸ்ஸில் ஏறி ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று போனாலும் அதே நேரம்தான் ஆகும். நான் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தேன். எது சீக்கிரம் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஆசை. முதல் சில மாதம் அதை ஒரு விளையாட்டைப் போலத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவன் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, இது எதுவும் புரியவில்லை. புரிய வைக்க நான் செய்த முயற்சியும் எடுபடவில்லை. அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது "கிளம்பிட்டேன் அத்தை" என்று போன் செய்வேன். உடனே அவர் அடுப்பில் சாதம் வைத்துவிடுவார். நான் வந்தால் சூடாகச் சாப்பிட வேண்டும் என்ற பிரியம்தான். நான் போய்ச் சேரும்போது சாதம் ஆறி விறைத்திருக்கும், அவர் முகமும் அப்படியே.

"ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கு இவ்ளோ நேரமா? வழியில யார் வீட்டுக்காவது போயிட்டு வர்றியா?"

"ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கே மூணு மணி நேரம் ஆச்சு அத்தை."

"ஏர்போர்ட்டுக்கு எதுக்குடி மூணு மணி நேரம்? நாங்க இங்க இருந்து சைக்கிள்ல போவோம்."

அமாவாசைக்கு வா, கிருத்திகைக்கு வா, நாத்தனார் பெண்ணுக்கு மொட்டை போடுகிறார்கள் வா. "உனக்கென்ன, ஏறினா இறங்கப்போறே" என்பார். நான் போனேன். போக முடிந்தது, போனேன். அவனை வரச்சொன்னால் மட்டும் கணக்கு மாறிவிடும். "அவ்ளோ தூரம் அவன் எப்படிம்மா வருவான்? வாரம் பூரா வேலை பார்த்துட்டு வர்ற புள்ள." வாரம் முழுக்க நானும் வேலைதான் பார்த்தேன். மூன்று முறை அவன் வருவதாக இருந்தது. ஒருமுறை வேலை, ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை மழை. மழை சென்னையிலா பெங்களூரிலா என்று நான் கேட்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள். "பெங்களூரு டு சென்னை பேஜ் ஓடோ ஓடுன்னு ஓடுது. சென்னை டு பெங்களூரு பேஜ் ஒருத்தரும் திறக்கறதில்ல போல. அந்தப் பேஜை எடுத்துடலாமா மா? சும்னே இடத்தை அடைச்சிட்டு இருக்கு."

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

கோபத்தை வேலையில் காட்டுவது என் குணம். அந்த மாதமே ஒரு புதுத் திட்டம் எழுதினேன். பறக்கும் நேரத்துக்குக் கீழே, வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரத்தையும் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பு, இறங்கியபின் மறுபடி சாலை, எல்லாம். நானே தரவு தேடினேன், நானே எழுதினேன், நானே சோதித்தேன். சில பக்கங்களில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கங்களுக்கு வந்தவர்கள் எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டு வேறு பக்கத்துக்கு, சின்ன எண் காட்டும் பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

டீம் லீட் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "நீ சொல்றது சரி. ஆனா அவங்க கேக்கறது அது இல்ல. போகணும்னு முடிவு பண்ணிட்டுதான் தேடறாங்க. போகலாம்னு நம்பர் சொல்லணும், அவ்வளவுதான்."

திட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம் மட்டும் பெரிய எழுத்தில் அங்கேயே இருந்தது.

அதே காலத்தில்தான் நான் விடுதியை விட்டு வீடு பார்த்தேன். நீலாத்ரி ரோட்டில், இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை, ஓர் ஆளே நிற்கக்கூடிய பால்கனி. அவனுடைய அலுவலகக் கட்டடம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். அதற்காகவே பிடித்த வீடு அது. "சூப்பர்டி, எனக்கு வண்டியே வேணாம்" என்று வீடியோவில் பார்த்துச் சொன்னான். இரண்டு தலையணை, இரண்டு தட்டு, இரண்டு செருப்பு வைக்கிற சின்ன அலமாரி. எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வாங்கி முடித்தேன்.

அத்தையிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "புது வீட்டுல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பால் காய்ச்சணும். அவன் வர்ற வரைக்கும் நீ அடுப்புல பால் வைக்காதே. தனியாப் பொங்க விடக் கூடாது."

நான் படித்தவள்தான். ராகு காலம் பார்த்துக் கிளம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் கேட்டேன். அடுத்த வாரம் வருவதாக இருந்தான், ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் மாதக்கணக்கில் நீண்டது. சாதம் வடித்தேன், ரசம் வைத்தேன், முட்டை பொரித்தேன். பால் மட்டும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. காலையில் கடுங்காப்பி. மாலையில் கீழே பேக்கரியில் நின்றபடி டீ. பேக்கரிக்காரர் ஒருநாள் கேட்டார், "மேடம், மனேல ஸ்டவ் இல்வா?" வீட்டில் அடுப்பு இருக்கிறது, பால் வைக்க என் கணவர் வர வேண்டும் என்று நான் எந்த மொழியில் சொல்வது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டை வீட்டு அடுக்களையில் அத்தையும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் சும்மாதான் சொன்னேன். "அவர் ப்ராஜெக்ட் முடியப்போகுதாம் அத்தை. பெங்களூருக்கு மாத்தல் கேட்டா இப்பக் கிடைச்சுடும்."

அத்தை வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதான் வந்துச்சே. பங்குனியிலயே வந்துச்சே. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானே."

நான் கையிலிருந்ததை உரித்து முடித்தேன். கிண்ணத்தில் போட்டேன். அடுத்ததை எடுத்தேன்.

"உனக்குத் தெரியாதா? நான்தான் சொன்னேன், எதுக்குடா போறே, அவதான் ஐம்பத்திரண்டு நிமிஷத்துல வந்துடறாளேன்னு. அவனும் யோசிச்சான். இங்கேயே நல்ல பேரு இருக்கு, விட்டுட்டுப் போவானேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தினார். "கண்ணைக் கழுவு. வெங்காயம் காரம்."

வெங்காயத்தால்தான் கண்ணீர் வந்தது என்று நினைத்தார். சொம்பை வாங்கிக் கண்ணைக் கழுவினேன்.

நீலாத்ரி ரோடு வீட்டைப் பிடித்தது பங்குனிக்குப் பிறகு. வீடியோவில் பார்த்து "எனக்கு வண்டியே வேணாம்" என்றபோது அவன் ஏற்கெனவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் அவனைக் கூப்பிட்டேன். அத்தை முன்னால் "அவர்", "நீங்க". தனியாக இருக்கும்போது "நீ"தான்.

"எப்ப என்கிட்ட சொல்றதா இருந்தே?"

அவன் கொடியில் இருந்த துண்டைத் திருப்பிப் போட்டான். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அந்த வீட்டைப் பத்தி அவ்ளோ சந்தோஷமாப் பேசினே. எப்படிச் சொல்றதுன்னு..."

விமானம் வந்தது. இருவரும் நிறுத்தினோம். அது தலைக்குமேல் போய்த் தாழ்ந்து மறைகிற வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் அவன் வேறு பதில் யோசித்துவிட்டான்.

"அதுவும் இல்லாம உனக்குதான் இது ஒண்ணும் கஷ்டமாத் தெரியலையே. வர்றே, போறே. நானா இருந்தா முடியாது."

"கஷ்டமில்லைன்னு யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. உங்க வீட்டுக் கூடத்துல வெச்சு. ஐம்பத்திரண்டு நிமிஷம்னு."

சொன்னது நான்தான். ஆனால் அவனும் அதே கூடத்தில் ஒன்று சொன்னான். ஒரு வருடம்கூட ஆகாது என்று. அந்த எண் மட்டும் யாருக்கும் மனப்பாடம் ஆகவில்லை.

"சரி. ஒரே ஒரு தடவை நீ வா" என்றேன். "அந்த வீட்டுக்குள்ள வந்து உட்காரு. பாலைக் காய்ச்சு. அங்க இருந்து உன் ஆபீஸ் வரைக்கும் நடந்து பாரு. அப்புறமும் வேணாம்னா வேணாம்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அதுவரைக்கும் நான் இங்க வர மாட்டேன்."

"இவ்வளவுதானே, வர்றேன்டி" என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். அவன் சொல்லும்போது எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமைக்கே டிக்கெட் எடுத்தான். காலையில் இறங்குகிற விமானம். நான் வெள்ளிக்கிழமை மாலையே வீட்டைக் கழுவினேன். சனிக்கிழமை விடிந்ததும் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கி வந்தேன். அந்தக் குளிர்பெட்டியில் அதற்கு முன் பால் இருந்ததே இல்லை. புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, அது உண்மை. ஆனாலும் பொட்டு கோணலாக இருந்ததென்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

இறங்கியதும் போன் செய்தான். குரல் உற்சாகமாக இருந்தது. "வந்துட்டேன்டி. சொன்ன மாதிரியே, ஏறினேன், இறங்கிட்டேன்."

"சரி, வா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைத்தான். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏய், மேப்ல ரெண்டே முக்கால் மணி நேரம் காட்டுது. வழி முழுக்கச் சிவப்பா இருக்கு. ஏதோ மழைத் தண்ணி நிக்குதாம்."

"ஆமா. அவ்ளோ ஆகும்."

"எனக்கு நாலு மணிக்கு ரிட்டர்ன்."

"இன்னிக்கேவா?"

"அம்மாதான் சொன்னாங்க, ஐம்பத்திரண்டு நிமிஷம்தானே, போய்ப் பாலைக் காய்ச்சிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுன்னு." அவன் கொஞ்சம் தயங்கினான். "நான் அங்க வந்து திரும்பினா ப்ளைட்டை விட்டுடுவேன். நீ ஒண்ணு பண்ணேன். நீ இங்க வந்துடு. ஏர்போர்ட்லயே நல்ல ஹோட்டல் இருக்கு. உட்கார்ந்து பேசலாம்."

"பால்?"

"பாலை அப்புறம் பார்த்துக்கலாம். உனக்குதான் இந்த ரூட் பழக்கமாச்சே."

இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கிளம்பினேன். யோசிக்கவே இல்லை. கால் தானாகச் செருப்பைத் தேடிற்று. அத்தனை வெள்ளிக்கிழமைகளின் பழக்கம் அது. விமான நிலையப் பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேம்பாலச் சாலையில் பஸ் ஏறும்போது பக்கவாட்டில் அவனுடைய நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடம் தெரிந்தது. சனிக்கிழமை, ஆளில்லை. கேட்டில் ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு கிட்டே இருந்தது அது.

கண்டக்டர் வந்து என் பக்கம் திரும்பாமலே டிக்கெட் மெஷினில் விரலை வைத்தார். "ஏர்போர்ட்டாம்மா?"

"சில்க் போர்டு."

அவர் இப்போது திரும்பினார். ஏசி பஸ், ஏர்போர்ட் பஸ். "சில்க் போர்டுக்கு இந்த பஸ் எதுக்கும்மா? பின்னாடியே ஆர்டினரி வருதே."

"பரவால்ல, குடுங்க."

சில்க் போர்டில் இறங்கினேன். மேலே மெட்ரோ, கீழே வண்டிகள், நடுவே புகை. அவனை அழைத்தேன்.

"வந்துட்டியா?" என்றான்.

"சில்க் போர்டுல இறங்கிட்டேன். கால்வாசிதான் இது. ஆனா நான் வந்திருக்கேன். மீதியை நீ வா. பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கேன்."

"விளையாடாதே. அங்கே எங்க உட்கார்ந்து பேசறது?"

"பேச வேணாம். சும்மா வா. எவ்ளோ தூரம்னு உனக்குத் தெரியணும்."

"எனக்குத் தெரியும். மேப்ல பார்த்துட்டேன்."

"மேப்ல பார்த்தே" என்றேன்.

கேப் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். பஸ் நிறுத்தத்தின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையோ பஸ் போயிற்று. ஓசூர் பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் நின்று, நடத்துநர் "ஓசூர், கிருஷ்ணகிரி" என்று கூவிக்கொண்டே போனார். அந்தப் பக்கம்தான் சென்னை. நானும் என் கணவனும் அதற்கு நேர் எதிர்த்திசையில் ஒருவருக்கொருவர் காத்திருந்தோம். வெயில் போய் மழை தூறிற்று. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த முறை முடியாது போல, கேப் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த தடவை பஸ்ஸில் வருகிறேன், கோபப்படாதே.

கோபம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியுமா என்று தெரியவில்லை. சாலையைக் கடந்து, வந்த பக்கமே பஸ் ஏறினேன். ஆர்டினரி பஸ்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டை வெட்டிப் பொட்டு வைத்த பாத்திரத்தில் ஊற்றினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் ஆடை உப்பி, விளிம்புக்கு ஏறி வந்தது. காப்பி போட்டுக் குடித்தேன். இத்தனை மாதமாகக் கடுங்காப்பி குடித்த நாக்குக்கு அது திகட்டியது. பாதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அத்தை அழைத்தார். குரலில் அவ்வளவு நிறைவு.

"என்னம்மா, பால் நல்லாப் பொங்குச்சாமே. அவன் வந்து சொன்னான். வீடும் பிடிச்சிருக்காம். நான் கேட்க மறந்துட்டேன், எந்தப் பக்கம் பொங்கி வழிஞ்சுது? கிழக்கயா, வடக்கயா?"

அவன் சொன்னதைக் கேட்டு அவர் நேற்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சாமி படத்துக்கு முன்னால் விளக்குகூட ஏற்றியிருப்பார்.

"எந்தப் பக்கமும் வழியலை அத்தை" என்றேன். "பொங்கறதுக்குள்ள அடுப்பை அணைச்சுட்டேன். நான் ஒருத்திதானே, துடைக்கிறது யாரு."

"ஒருத்தியா? அவன் எங்க இருந்தான்?"

"அவர் வரலை அத்தை. ஏர்போர்ட்லயே இருந்துட்டுத் திரும்பிட்டார். இந்த வீட்டு வாசலை அவர் இன்னும் பார்க்கலை."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. பிறகு அவர் சொன்னார், மெதுவாக, என்னைச் சமாதானம் செய்கிற குரலில்.

"சரி விடு. ஆம்பளைங்களுக்கு அலைச்சல் ஆகாது. வர்ற வெள்ளிக்கிழமை அமாவாசை. நீ வந்துடு, நான் அவனை உட்கார வெச்சுக் கேக்கறேன்."

"நான் வரலை அத்தை. இந்த வெள்ளிக்கிழமையும் இல்ல, அடுத்ததும் இல்ல. அவர் இங்க குடி வர்ற அன்னிக்குப் பேசிக்கலாம்."

"என்னம்மா இப்படிப் பேசறே, இங்க இருக்கற சென்னைக்கு வெறும் ஐம்ப..."

அவர் வார்த்தையின் நடுவில் நிறுத்தினார். போனுக்குள் அந்த இரைச்சல் தொலைவில் எழுந்து, நெருங்கி, குரோம்பேட்டை மாடிக்கு நேர்மேலே வந்தது. அவர் காத்திருந்தார். நானும் பழக்கத்தில் காத்திருந்தேன். அது மெல்லக் குறையத் தொடங்கியதும், அவர் மறுபடி தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டேன்.